மூடப்படாத பத்திரிகை

நோர்வேயில், ஒஸ்லோவின் புறநகரான ஹொல்ம்லியாவில் நான் ஆறாம் வகுப்புப் படித்தபோது, ஆளுக்கொரு பத்திரிகையின் வரலாற்றைத் தேடிவந்து வகுப்பில் சொல்லவேண்டும் என்றார் ஆசிரியை. ஒஸ்லோவின் பெரிய பத்திரிகைகளையெல்லாம் மற்றப் பிள்ளைகள் பங்குபோட்டுக்கொண்டார்கள். என் முறை வந்தபோது மிச்சம் எதுவும் இருக்கவில்லை. என் மாமா பிரான்சில் ஒரு பத்திரிகையில் வேலை செய்கிறார், அதைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாமா அங்கே பத்திரிகைகளைக் கட்டுக்கட்டி லொறியில் ஏற்றுபவர் என்பதை நான் சொல்லவில்லை.

மாமா, அம்மாவின் மூத்த அண்ணன். அந்த நவம்பரில் இரண்டு கிழமை எங்களோடு நிற்க வந்தவர், தன் பத்திரிகை ஆண்டுவிழாவுக்காக வெளியிட்ட சிறப்பிதழையும் கொண்டுவந்திருந்தார். அது பாரிசுப் பத்திரிகை அல்ல. ஓர் ஆற்றங்கரைப் பட்டினமும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் வாசிக்கிற நாளிதழ். யாருடைய மாடு பரிசு வென்றது, எந்தப் பாலம் திருத்தத்தில் கிடக்கிறது, யார் இறந்துபோனார் என்பதெல்லாம் அதில்தான் வரும். மாமா பிரெஞ்சு படித்ததே மரண அறிவித்தல்களை வாசித்துத்தான் என்று அம்மா சிரிப்பார்.

மூன்று பின்னேரங்கள் சாப்பாட்டு மேசையில் இருந்து வேலை செய்தோம். மாமா பிரெஞ்சில் வாசித்துத் தமிழில் சொல்வார். நான் நோர்வேஜிய மொழியில் எழுதிக்கொள்வேன். சந்தை விலைகளை அச்சடிக்க ஒருவர் தொடங்கிய வாரத்தாள், ரயில் வந்தபிறகு நாளிதழானது. அதுவரை எல்லாம் நன்றாகவே போனது. பிறகு போர் வந்தது. ஜெர்மன் படை பட்டினத்தைப் பிடித்தது. பத்திரிகை நிற்கவில்லை. படை அதிகாரிகள் கொடுத்ததை அப்படியே அச்சடித்துக்கொண்டு ஓடியது. நாடு விடுதலையானதும் அதை மூடிவிட்டார்கள். படைக்கு எதிராக ஒளித்து ஒற்றைத்தாள் பத்திரிகை நடத்தியவர்களுக்கு அதே கட்டடமும் அதே இயந்திரங்களும் கிடைத்தன. அவர்கள் புதுப்பெயரில் நடத்தியதுதான் மாமாவின் பத்திரிகை.

எனக்கு இந்த இடம் பிடிக்கவில்லை. நோர்வேயையும் ஜெர்மன் படை பிடித்திருந்ததையும், அதை எதிர்த்து நின்றவர்களையும் பற்றி அப்போதுதான் பள்ளியில் படித்திருந்தோம்.

“மாமா, இது வடிவில்லை. அவை தாங்களே பத்திரிகையை மூடினவை எண்டு எழுதுவம்.”

“எழுதியிருக்கிறதைத்தானே பிள்ளை சொல்லவேணும்,” என்றார் மாமா.

நான் தலையாட்டினேன். பிறகு என் அறைக்குப் போய், படை வந்ததும் பத்திரிகை ஆசிரியர் கதவைப் பூட்டித் திறப்பை ஆற்றுக்குள் எறிந்தார் என்று எழுதினேன். அந்தத் திறப்பில் எனக்கு அளவில்லாத பெருமை.

சொல்லவேண்டிய நாளன்று பெற்றோரும் வரலாம் என்று அழைத்திருந்தார்கள். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அப்பாவுக்குப் பேருந்தில் வேலை. ஆகவே மாமா வந்தார். கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, சின்னக் கதிரையொன்றில் முழங்கால்கள் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார். நோர்வேஜிய மொழியில் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. திறப்பு ஆற்றில் விழுந்த இடத்தில் பின்வரிசைப் பிள்ளைகள் எழும்பி நின்று கேட்டார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆசிரியைக்கு ஒரு கேள்வி இருந்தது. மாமாவிடம் கேட்டுச் சொல் என்றார். நான் யோசிக்காமல் அப்படியே தமிழில் கேட்டுவிட்டேன்.

“மாமா, பத்திரிகையை மூடின பிறகு அங்கை வேலை செய்த ஆக்கள் சம்பளம் இல்லாமல் என்னெண்டு சீவிச்சவை எண்டு ரீச்சர் கேக்கிறா.”

மாமா என்னைப் பார்த்தார். “தாங்களே மூடினவை எண்டோ சொன்னனீ?”

இவள் பொய் சொல்லிவிட்டாள் என்று என் வாயாலேயே சொல்லவைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஆசிரியையின் பக்கம் திரும்பி, தன் நெஞ்சில் கையை வைத்தார்.

“மாமா பிழையாச் சொல்லித் தந்திட்டார் எண்டு சொல்லு. அவருக்குப் பிரெஞ்சு வடிவா விளங்காது எண்டு சொல்லு. ஜெர்மன் படை இருந்த காலம் முழுக்கப் பத்திரிகை ஒருநாளும் நிக்கேல்லை. அங்கை இருந்தவை ஒவ்வொரு நாளும் போய் வேலை செய்தவை. அச்சடிக்கிறது பொய் எண்டு அவைக்குத் தெரியும். வீட்டிலை சாப்பிட ஆக்கள் இருந்தவை. எல்லாத்தையும் சொல்லு.”

ஒன்றும் விடாமல் சொன்னேன். முன்வரிசைப் பெடியன் ஒருவன், அப்படியென்றால் திறப்பு எங்கே என்று கேட்டான். ஆசிரியை எழுந்துவந்து மாமாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னார். என் கொப்பியில், கடைசியில் நீ சொன்னதுதான் மிகச் சிறந்த பகுதி என்று எழுதித் தந்தார்.

வீட்டிலும் மாமா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பிள்ளை நன்றாகச் சொன்னாள், தான்தான் பிழைவிட்டது என்றார். இத்தனை வருடம் பிரான்சில் இருந்தும் பிரெஞ்சு தெரியவில்லையே என்று அப்பா அவர் திரும்பிப் போகும்வரை பகிடி பண்ணினார். மாமாவும் சேர்ந்து சிரித்தார். எனக்காக அவர் சுமந்த அந்தப் பகிடிக்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

நான் பல்கலைக்கழகம் போனபிறகுதான் அம்மா மிச்சத்தைச் சொன்னார். பிரான்சுக்கு வருமுன், சண்டை நடந்த எங்கள் ஊரில் மாமா ஒரு பத்திரிகையில் அச்சுக்கோர்ப்பவராக இருந்திருக்கிறார். துவக்கோடு வந்த ஆயுதக்காரர்கள் தாங்களே செய்தி எழுதிக் கொடுக்கத் தொடங்கியதும் ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார். மாமா அங்கேயே வேலையில் நின்றார். கொடுத்ததை எழுத்து எழுத்தாகக் கோர்த்தார். “நாங்கள் மூண்டு பொம்பிளைப் பிள்ளையள் வீட்டிலை,” என்றார் அம்மா. “அந்தச் சம்பளத்திலைதான் நான் படிச்சனான்.”

பத்திரிகையைப் பற்றிச் சொன்ன அன்று வகுப்பு முடிந்து, பள்ளிக்கூட மேட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கி வரும்போது நான் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டேன். மாமா தன் கையுறையைக் கழற்றி என் முகத்தைத் துடைத்தார்.

“பரவாயில்லை பிள்ளை. ரீச்சர் நல்ல கேள்வி கேட்டவ. என்னட்டை இவ்வளவு நாளும் ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை.”

லொறியில் கட்டு ஏற்றுகிறவரிடம் பத்திரிகையைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் அப்போது நினைத்துக்கொண்டேன்.