மூலையில்லாத ஒட்டு

கோப்பைக்குப் பிடி ஒட்டி முடித்ததும் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, ஒட்டிய இடத்தில் ஈரம் வைக்கிறாள். குனிந்து, கண்ணைச் சுருக்கிக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகுதான் கோப்பை காயப் போகும். பச்சை மண்ணுக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. ஏன் செய்கிறாள் என்று அவளுக்கும் தெரியாது.

"உன் எச்சில்லயா ஊரே காபி குடிக்கணும்?" என்பாள் தங்கை.

"சூளைக்குள்ள போயிட்டு வந்ததுல எச்சில் எங்கடி இருக்கு?"

காலையில் மண். மதியம், பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வை. கண் சோர்ந்த பிறகு காதணி. போர்வையில் அவள் வைக்கும் ஒட்டுத்துணி எதற்கும் மூலை கிடையாது. எல்லாம் வட்டம், இல்லாவிட்டால் ஓரம் உருண்ட நீள்வட்டம். பிடி ஒட்டுமுன் இரண்டு பக்கத்தையும் கம்பியால் கீறிச் சொரசொரப்பாக்குவாள். குழைத்த மண்ணைத் தடவி, அது சற்று இழுக்கும் பதம் வரும்வரை காத்திருந்து அழுத்துவாள். காதணிகளோ பழைய டியூப் ரப்பரில் வெட்டிய கறுப்பு வட்டங்கள், பித்தளைக் கம்பியில் கோத்தவை. "கறுப்பு எதுக்கும் சேரும்" என்பதற்கு மேல் அதற்கு விளக்கம் இல்லை. வேலை சுத்தமானது. அபூர்வம் என்று சொல்லிவிட முடியாது.

இந்த யோசனையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், "நிலாதான்" என்பாள். யாரும் சொல்லித் தரவில்லை, எதையும் பார்த்துச் செய்யவில்லை, ராத்திரி மொட்டை மாடியில் நின்றால் போதும் என்பாள். பொய் சொல்கிறவர்களின் அவசரம் அந்தக் குரலில் இருக்காது. ஒருவரிடம் இருப்பது எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய சாட்சி மட்டும் போதாது. ஆனால் அதைத்தான் எல்லாரும் கேட்கிறோம்.

வீட்டின் முன்னறை அவள் கணவனின் பஞ்சர் கடை. பின்னறை அவளுடையது. நடுவே ஒரு கதவு. முன்பு அது திறந்தே கிடந்தது. ஒரு கண்காட்சியில் ஒருத்தி போர்வையை முகத்தருகே கொண்டுபோய், "டயர் வாடை" என்று மடித்து வைத்துவிட்டு நகர்ந்தாள். அன்றிலிருந்து கதவுக்குத் தாழ்ப்பாள், அடியில் இடுக்கை அடைக்கக் கந்தல். கணவன் அதை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அல்லது வைத்துக்கொண்டு கேலியாக மாற்றிவிட்டான்.

"நிலாக்காரி இருக்காளா?" என்று கதவைத் தட்டுவான்.

"இல்ல. தேஞ்சு போயிட்டா" என்று உள்ளிருந்து பதில் வரும்.

போன வாரம் கைவினைப் பொருள் கடை நடத்தும் ஓர் அம்மாள் வீட்டுக்கே வந்தார். பிடித்திருந்தால் தன் கடையில் இவளுக்கென்று ஓர் அலமாரி ஒதுக்குவதாகப் பேச்சு. கிடைத்துவிட்டால் கண்காட்சி கண்காட்சியாக மூட்டை தூக்கும் பாடு தீரும். பின்வாசல் வழியாக வரும்படி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அந்த அம்மாள் முன்வாசல் வழியாக நுழைந்துவிட்டார்.

கணவன் அப்போது ஒரு சைக்கிள் சக்கரத்தின் வால்வில் எச்சில் விரலை வைத்து, குமிழ் கிளம்புகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு நிமிஷம் இருங்கம்மா, காத்து எறங்குதான்னு பாத்துட்டு வந்துடுறேன்." இறங்கவில்லை என்று உறுதியான பிறகே எழுந்துபோய்க் கதவைத் தட்டினான். அன்று நிலாக்காரி என்று கூப்பிடவில்லை.

வந்தவர் போர்வையை விரித்துப் பார்த்தார். "ஒண்ணுக்குக்கூட மூலை இல்லையே, ஏன்?"

"நிலாவப் பாத்துப் பாத்து..." என்று ஆரம்பித்தாள்.

தண்ணீர் டம்ளரோடு வாசற்படியில் நின்ற கணவன், உதவி செய்வதாக நினைத்து, "மூலை வச்சா அங்கேருந்துதாம்மா உரிய ஆரம்பிக்கும்" என்றான்.

"நீங்களும் தைப்பீங்களா?"

"ஐயய்யோ, இல்லம்மா. நான் டியூபுக்கு ஒட்டுப் போடுறவன். அதுக்கும் இப்படித்தான் ஓரத்த உருட்டிடுவோம்."

அவள் கணவனைப் பார்த்த பார்வைக்கு டம்ளர் தண்ணீர் கொதித்திருக்கும். அந்த அம்மாள் போர்வையை மெல்ல முகத்தருகே கொண்டுபோனார்.

"வாடை வருதா?" கேட்கக் கூடாது என்று நினைத்ததை அவளே கேட்டுவிட்டாள்.

"லேசா." அவர் போர்வையை மடிக்கவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். "அப்ப நிலாவா, டியூபா? எதுவா இருந்தாலும் எனக்குச் சரி. ஆனா வாங்குறவங்க கேப்பாங்க. நிஜம் எதுவோ அதச் சொல்லுங்க."

அவள் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. மண் தடவிப் பதத்துக்குக் காத்திருந்த பிடியை எடுத்துக் கோப்பையோடு சேர்த்து அழுத்தினாள். விரல் தானாக நாக்குக்குப் போயிற்று. ஒட்டிய இடத்தில் ஈரம் வைத்து, குனிந்து, கண்ணைச் சுருக்கினாள்.

கதவு திறந்து கிடந்தபோது தன் சக்கரத்தை விட்டு நிமிராமலும், தாழிட்ட பிறகு அதற்கு அப்பாலும் இருந்த கணவன் இதைப் பார்த்ததே இல்லை. டம்ளரைக் கீழே வைத்தான். அருகே வந்து அவனும் குனிந்தான்.

"எறங்கல" என்றான், மெதுவாக.

அவள் நிமிரவில்லை. அவனுக்கு நன்றாகத் தெரியும்படி கோப்பையைக் கொஞ்சம் அவன் பக்கம் திருப்பினாள்.