பட்டு வேட்டியில் குட்டி போட்ட பூனை

"உனக்கேனடி உந்த விடுப்புக் கேள்வியெல்லாம்? உன்ரை பாட்டாவும் நானும் முதல்முதல் என்ன கதைச்சனாங்கள் எண்டு கேக்கிற வயசே உனக்கு? போய் அரிசியைக் கொழி!"

பேத்தியை இப்படித்தான் ஏசினேன். அவள் அசையவில்லை. எனக்கும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதல் கதைத்தது பூனையைப் பற்றி.

கலியாணம் முடிந்து அவர் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். நாலாம் நாள் கால்மாறிப் போக வேண்டும். இருவருமாக அவருடைய தாய் வீட்டுக்குப் போய் விருந்துண்டு வருகிற முறை அது. வாசல் படலையடியில் மாட்டுவண்டில் காத்து நின்றது. பட்டு வேட்டி எடுக்கலாம் என்று தன் பெட்டிக்குப் போனார். இரவு மூடாமல் விட்ட பெட்டி. சரிகைக் கரையின் மேல் எங்கள் சாம்பல் பூனை, வயிற்றடியில் மூன்று குட்டிகள்.

அவர் வயல் உழுகிற கமக்காரர். மிரண்ட நாம்பன் மாட்டையும் கண்ணுக்குள் பார்த்தே நிறுத்துகிறவர். பூனையையும் அப்படியே முறைத்தார். அதன் காதுகள் தலையோடு ஒட்டின. வால் பெட்டியில் படபடவென்று அடித்தது. கண் முழுக்கக் கறுத்துப்போனது. கையை நீட்டினார், ஒரு கீறல் வாங்கினார். அடுத்து அவர் பார்வை மூலையில் சாத்தியிருந்த தடிக்குப் போனது.

நாலு நாளாக என்னை நிமிர்ந்தும் பாராத மனுசன். குட்டி போட்ட பூனைக்கு அடிக்கிறவரோ? ஆயுள் முழுக்க இவரோடுதானே!

"இஞ்சேருங்கோ, முறைச்சால் அது சண்டைக்கெண்டு நினைக்கும். கண்ணைப் பாதி மூடுங்கோ. ஆறுதலா."

இறுக்கி மூடினார். "இப்பிடியே?"

"ஐயோ, உது வேப்பெண்ணெய் குடிக்கிற மூஞ்சை! என்னைப் பாருங்கோ."

பார்த்தார். நான் இமையை மெல்லத் தாழ்த்தித் திறந்தேன். அவரும் அப்படியே செய்தார். பூனையைக் கொஞ்ச நேரம் இருவருமே மறந்துபோனோம்.

"உமக்கும் என்னைப் பாத்தால் பயமே?"

"இவ்வளவு நேரமும் இருந்தது."

பிறகு அவர் பெட்டிக்கருகே ஒருபக்கமாகக் குந்தி, இமையைத் தாழ்த்தினார். வால் அடங்கியது. காதுகள் முன்னுக்கு வந்தன. பூனையும் நித்திரை வருவதுபோல் கண்ணைச் செருகி, கீறிய கையையே முகர்ந்தது.

அப்போது வேட்டியை உருவியிருக்கலாம். உருவவில்லை. மூடி விழாமல் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு, பருத்தி வேட்டியோடு வண்டிலில் ஏறினார்.

அயலட்டைப் பெண்களுக்குக் கண் பொறுக்குமா? நாங்கள் திரும்பி வந்ததும் வேலி ஓட்டைக்குள்ளால் விசாரணை தொடங்கியது.

"மாப்பிளையின்ரை பட்டு வேட்டி எங்கையடி பிள்ளை?"

"எங்கடை பூனை அதிலை குட்டி போட்டிட்டுது, மாமி. பிள்ளைப்பேறு நடந்த வேட்டியெல்லே, துடக்கு! முப்பத்தொரு நாளும் கழியட்டும், பிறகு கட்டுவார்."