ஈரத்துணி

காசு போட்டால் குளிர்பான பாட்டில் விழும் மெஷின்களுக்கு ரிப்பேர் பார்ப்பது என் வேலை. அடியில் உள்ள கூலிங் யூனிட் கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டுவேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரி. வெளியே விடாத மழை. மெஷினை நகர்த்திப் பார்த்தேன். பின்னால் அனல் காற்று வெளியேறும் இடத்தில் ஒரு ஈரத்துணி சொருகியிருந்தது. காற்று அடைபட்டு யூனிட் எரிந்துபோயிருந்தது.

"எவன்யா இங்க துணி சொருவுனது? பொகஞ்சே பூட்டுது பாரு!" என்று கத்தினேன்.

பெஞ்சிலிருந்து ஒரு பொண்ணு எழுந்து வந்தது. கல்வராயன் மலைக்காரப் பொண்ணு.

"என்துதாண்ணா. கொழந்த துணி. நேத்து மழைல காயல. இங்க சூடா காத்து வந்துச்சி, வெச்சேன்."

"கொழந்தய பாத்துக்கினு இல்லாம இன்னாம்மா வேல இது?"

"கொழந்த காலைல தவறிப்பூட்டுச்சிண்ணா. மலைக்கு எடுத்துக்கினு போவணும். வேற துணி இல்ல. ஈரத்துல எப்பிடிண்ணா சுத்துறது?"



பழைய யூனிட்டை இழுத்துப் போட்டுப் புதியதை மாட்டினேன். வண்டியில் குலுங்கி வந்த யூனிட்டைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்த பிறகுதான் ஓடவிட வேண்டும். நான் உடனே ஸ்விட்சைப் போட்டேன். கெட்டால் கெடட்டும்.

பின்னால் சூடான காற்று வந்தது. துணியின் ஒரு முனையை அந்தப் பொண்ணு பிடித்துக்கொண்டது. மறுமுனையை நான் பிடித்தேன். காயும்வரை அப்படியே விரித்துப் பிடித்திருந்தோம்.

"வரேண்ணா" என்று மடித்து எடுத்துக்கொண்டு போனது.

இப்போதும் யூனிட் மாற்றினால், குளிர்கிறதா என்று எல்லோரும் உள்ளே கையை விட்டுப் பார்ப்பார்கள். நான் முதலில் மெஷினுக்குப் பின்னால் போய்க் கையை வைப்பேன்.