வேறு கம்பனி அக்சிலும் செல்வியின் கணக்குச் சோதனையும்

பழைய கியர் ஒயிலுக்கு அவிந்த முட்டை மணம் ஒன்று உண்டு. எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் நகத்தடியை விட்டுப் போகாது. இருபத்து மூன்று வயதில் நான் சோறு தின்றதெல்லாம் அந்த மணத்தோடுதான்...

சண்டைக் காலம். பாப்பாமோட்டைப் பக்கம் உதிரிப்பாகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜீப்பின் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் அக்சில் முறிந்தால் இன்னொரு ஜீப்பில் இருந்துதான் கழற்ற வேண்டும். அது எந்தக் கம்பனி என்று பார்த்துக்கொண்டிருந்தால் நடந்துதான் போக வேண்டும். அந்த வேலையில் நானும் அக்காவின் புருஷன் ராசு அத்தானும் விண்ணர்கள். தற்பெருமை இல்லை, உண்மை.

ஒரு மார்கழியில் எங்கள் ஜீப்பின் முன் அக்சில் முறிந்தது. நெல்லு மில்லுக்குப் பின்னால் வேறு கம்பனி ஜீப் ஒன்று எஞ்சின் இல்லாமல் கிடந்தது. மில்காரர், "கழட்டிக்கொண்டு போங்கோ" என்றார்.

ஸ்பிரிங் பூட்டும் இடம் இரண்டு விரல் விலகி நின்றது. தகடு வெட்டிச் சரிக்கட்டினோம். பிறகு சில்லில் சோக்கால் கோடு கீறி, சில்லு ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் பக்கத்தில் இருந்து வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ணினோம். பின்னுக்கு நாலும் கொஞ்சமும். முன்னுக்கு ஐந்துக்குக் கிட்ட. அதாவது, முன் சில்லும் பின் சில்லும் ஒரே வேகத்தில் ஓடாது.

அத்தான் தலையைச் சொறிந்தார்.

"சேத்துக்குள்ள பிரச்சினையில்ல, சில்லு வழுக்கிச் சமாளிக்கும். தார் றோட்டில முன் சில்லைப் பூட்டினபடி ஓடினியெண்டா கியர்பொக்ஸ் தூள்தான்."

"அதை நான் பாக்கிறன் அத்தான். நீங்கள் நட்டை இறுக்குங்கோ."

எங்கள் ஜீப்பில் நாலு சில்லு இழுவைக்கு மாற்றும் ஃபோர்வீல் லீவர் இறுகிப்போய் வெகுகாலம். முன் சில்லுக்கு எஞ்சின் இழுவையைக் கொடுப்பதும் நிறுத்துவதும் சில்லின் நடுவில் இருக்கும் ஹப் பூட்டில்தான். இறங்கிப் போய்க் கையால் திருக வேண்டும், இரண்டு பக்கமும். சேற்றுக்கு முன் பூட்டு, தார் றோட்டுக்கு முன் திற. அவ்வளவுதான் சட்டம்.

அடுத்த நாள் தங்கச்சி செல்விக்கு ஓ.எல். பொதுப்பரீட்சையில் கணக்குச் சோதனை. மண்டபம் மன்னார் டவுனில். மழையில் பஸ் இல்லை, பாதை வயலோடு வயலாகக் கிடந்தது. தவறினால் ஒரு வருஷம் போச்சு. அடுத்த வருஷம் எங்கே இருப்போம் என்று அன்று யாருக்குத் தெரியும்? விடிந்ததும் அவளையும் ஊர்ப்பிள்ளைகள் ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

அந்தத் தண்ணீருக்குள் ஜீப் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! உழவு ரக்ரர் புதைந்து கிடந்த இடத்தைக்கூட உறுமிக்கொண்டு தாண்டியது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

தார் றோட்டுக்கு முன்னால் இருக்கும் மதகடியில் இறங்கி ஹப்பைத் திறப்பது என்றுதான் திட்டம். ஆனால் மதகே தண்ணீருக்குள்... நிறுத்தினால் புதையும். அப்படியே தார் றோட்டில் ஏறிவிட்டேன். ஐம்பது கஜம் போவதற்குள் ஸ்டியரிங் இறுகியது, அடியில் இரும்பு முனகியது. நிறுத்தினேன். குதித்து இறங்கி முன் சில்லடியில் குனிந்தேன்.

எதிரே ஆமியின் காவல் சென்றி.

சென்றிக்கு முன்னால் ஒருவன் வாகனத்தை நிறுத்திச் சில்லடியில் குனிந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? துவக்கு என் நெஞ்சுக்கு நேரே வந்தது. கையை உயர்த்திக்கொண்டு கண்ணால் சில்லைக் காட்டினேன். ஆமிக்காரன் "யன்ன! யன்ன!" என்று கத்தினான். எதையும் தொடாமல் போ என்கிறான். போனால் கால் மைலில் கியர்பொக்ஸ் போய்விடும். அதை விளக்க எனக்குச் சிங்களம் தெரியாது.

செல்வி இறங்கினாள். எங்கள் அம்மா மலையகத் தோட்டத்தில் வளர்ந்தவர். அவரிடம் பொறுக்கிய சிங்களம் இவளிடம் இருந்தது. வெள்ளைச் சட்டையோடு, இரண்டு கையையும் விரித்துக் காட்டியபடி போய்ப் பேசினாள். அவன் தலையாட்டியதும் வந்து குந்தி ஹப்பைத் திருகினாள்.

"அண்ணா, அசையுதில்ல!"

"முறுக்கி நிக்குது. பத்தடி பின்னுக்கு எடுத்தாத்தான் விடும்."

"பின்னுக்கு எடுத்தா சுடுவாங்கள்."

ஓம். சென்றியைக் கண்டு பின்னுக்குப் போகிற வாகனத்துக்கு என்ன நடக்கும் என்று அந்த நாளில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் எழும்பினாள். திரும்பவும் ஆமிக்காரனிடம் போய் ஏதோ சொன்னாள். பிறகு அவனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"நீங்கள் பின்னுக்கு எடுத்து நிப்பாட்டும்வரைக்கும் நான் இவரோட நிக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன். எடுங்கோ அண்ணா!"

ஏறிப் பின்னுக்கு எடுத்தேன். அடியில் 'டங்' என்றது. முறுக்கு விட்டுவிட்டது. அவன் கையை அசைக்க, செல்வி ஓடிவந்து இரண்டு பக்கமும் ஹப்பைத் திறந்தாள்.

சோதனை தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, முழங்கால்வரை சேற்றோடு மண்டபத்துக்குள் போனாள். கணக்குக்கு டி எடுத்தாள். அந்தக் காலத்து டி, அதிவிசேட சித்தி!

இப்போது என் வாகனத்தில் ஒரு சுவிட்சைத் தட்டினால் நாலு சில்லும் பூட்டும், தட்டினால் திறக்கும். சென்றி இருந்த இடத்தில் குளிர்பானம் விற்கும் கூல்பார் ஒன்று வந்துவிட்டது. இந்தக் கதையை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எப்போதும் அந்த அக்சிலைப் பற்றித்தான் சொல்வேன். பொருந்தாததைப் பொருத்தி ஓடிக் காட்டியவன் என்ற பெருமை.

போன கிழமை மகளுக்குச் சொன்னேன். அவளுக்கும் இந்த வருஷம் ஓ.எல்.

"அப்பா, நீங்கள் பின்னுக்கு எடுக்கேக்க செல்வி மாமி பயந்து போனவவா?" என்று கேட்டாள்.

அந்தப் பத்தடியும் நான் அக்சிலின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். துவக்குக்குப் பக்கத்தில் நின்ற தங்கச்சியின் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.