பொட்டு வைத்த இசைத்தட்டு

எனக்குப் பொறுமை கிடையாது. பாம்பன் பாலத்தில் முன்னால் போகிற வண்டி கடலை வேடிக்கை பார்க்க நின்றுவிட்டால், ஹாரனிலிருந்து கையை எடுக்காத ஆள் நான். சோறு வெந்துவிட்டதா என்று மூன்று முறை மூடியைத் திறந்து பார்ப்பேன். பேருந்துக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் அடுத்த நிறுத்தம் வரை நடந்து, அந்த நடையிலேயே பேருந்தைத் தவறவிட்டிருக்கிறேன். இப்படிப்பட்டவனிடம்தான் என் மாமியார் தன்னுடைய அண்ணனை ஒப்படைத்தார்.

அண்ணன் என்றால் ஆள் இல்லை. உள்ளங்கையை விரித்தால் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிற ஒரு சின்ன இசைத்தட்டு.

அத்தை முப்பது வருடத்துக்கும் மேலாக மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிறார். என் மனைவியைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு படகில் வந்தவர். அவருடைய அண்ணன் சின்ன வயதில் கொழும்பில் ஒரு பாட்டுப் பாடி, அது தட்டாக வெளிவந்தது. ஒரு பக்கம் அவர் பாட்டு, மறுபக்கம் வெறும் வாத்திய இசை. பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டு இரண்டே தடவை கேட்டார்களாம். அதற்கப்புறம் சில மாதங்களில், வேலை இருக்கிறது என்று வீட்டைவிட்டுப் போன அண்ணன் திரும்பவில்லை. எங்கே, எப்போது, எப்படி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. பின்னாளில் வீடு எரிந்தபோது அவருடைய படங்களும் எரிந்தன. தட்டு மட்டும் எப்படியோ தப்பிவிட்டது.

அந்தத் தட்டைச் சேலையில் சுற்றி, மேலே பாலித்தீன் பையைக் கட்டித்தான் அத்தை படகில் கொண்டுவந்தார். படகுக்காரன் கரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட, மார்பளவு தண்ணீரில் நடந்து வந்தார்கள். குழந்தை தலைக்கு மேலே, தட்டு இடுப்பில். உறை கரைந்து போனது. நடுவில் ஒட்டியிருந்த காகிதமும் போய், பாட்டு இருந்த பக்கத்தில் மட்டும் ஒரு துணுக்குச் சிவப்பு மிஞ்சியது.

படமும் இல்லை, இறந்த நாளும் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அத்தை அந்தத் தட்டையே சுவரில் சாய்த்து வைத்து, மாலை போட்டு, இலை விரித்துப் படைப்பார். படத்துக்கு நெற்றியில் வைப்பதுபோலத் தட்டின் மேல்பாதியில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமம் வைப்பார். மறுநாள் மாலையை எடுப்பார். பொட்டைத் துடைக்க மாட்டார். முகத்தை எப்படித் துடைப்பது? அப்படியே முப்பது அமாவாசைச் சந்தனம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கற்பூரப் புகையும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, பாட்டு ஓடவேண்டிய இடத்தில் ஒரு சின்ன மேடே எழும்பியிருந்தது.

இந்த ஆனி மாதம் உச்சிப்புளியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் புதிதாக வாங்கி வைத்திருந்த ரெக்கார்ட் பிளேயரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“தம்பி, இதில அண்ணாவைப் பாட வைக்கலாமோ?”

“ஒரு வாரம் குடுங்க அத்தை. பாட வச்சுக் குடுக்குறேன்.”

அடுத்த பேருந்திலேயே முகாமுக்குப் போய்த் தட்டை எடுத்துவந்து மடியிலேயே வைத்திருந்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார். “கவனம் தம்பி. அவர்ட முகம் எனக்கு ஞாபகம் இருக்கு. குரல் மறந்து போச்சு. எவ்வளவு யோசிச்சும் வருகுதில்ல. ஒருக்காக் கேட்டாப் போதும்.” ஆடி அமாவாசைப் படையலுக்குத் தட்டு திரும்பி வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

நான் உடனே இறங்கிவிட்டேன். நல்லவேளை, முதலில் வேறு தட்டுகளில் சோதிக்கலாம் என்ற அளவுக்காவது புத்தி இருந்தது. சிக்கல் என்கிற ஊரில் ஒரு காலத்தில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ரேடியோ செட் போட்டவர் ஒருவர், பரணில் கிடந்த ஒரு சாக்குத் தட்டுகளை முன்பே எனக்குத் தந்திருந்தார். எப்படிச் சுத்தம் செய்வது என்று அவருக்கே போன் போட்டேன்.

“தேங்கெண்ணெயத் தொட்டு ஒரு தடவு தடவுங்க தம்பி. கண்ணாடி கணக்கா மின்னும். அங்கன திருவிழாவுல நாங்க அப்பிடித்தான ஓட்டுனோம்!”

மின்னத்தான் செய்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் ஊரில் பறப்பது மணல். ஒரே பகலில் எண்ணெய்மேல் மணல் படிந்து, பிளேயரின் முள்ளை வைத்து எடுத்தால் நுனியில் விளக்குத் திரிபோல ஒரு கரி உருண்டை.

சரி, தண்ணீர் என்று போனால், எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. குளியலறை வாளியில் வெள்ளை வளையம் விழுகிற ஊரில் தட்டைக் கழுவினால் என்ன ஆகும்? காய்ந்ததும் சாம்பல் பூசியதுபோல நின்றது. பாட்டு முழுக்க நொறுக்குத் தீனி தின்கிற சத்தம்.

ஸ்பிரிட்டில் பாதித் தண்ணீர் கலந்து துடைத்தபோது ஒரு தட்டு அருமையாகத் தெளிந்தது. அந்தத் தெம்பில் சாக்கிலிருந்த ஒரு பழைய கனத்த தட்டில் வெறும் ஸ்பிரிட்டையே ஊற்றித் தேய்த்தேன். துணி கறுப்பாகிக்கொண்டே வந்தது. எவ்வளவு அழுக்கு பார் என்று இன்னும் அழுத்தித் தேய்த்த பிறகுதான் தெரிந்தது, வந்தது அழுக்கு இல்லை, தட்டு. அந்தக் காலத்துக் கனத்த தட்டெல்லாம் அரக்கில் செய்தது, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். அத்தையின் தட்டு வளைந்து கொடுக்கிற பிளாஸ்டிக் ரகம்தான். ஆனாலும் அன்றோடு ஸ்பிரிட் பாட்டிலைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

பிறகு பசை. தச்சர்கள் வைத்திருக்கிற வெள்ளைப் பசையைத் தட்டு முழுவதும் தடவி, காய்ந்ததும் தோல்போல உரித்தால் அழுக்கெல்லாம் அதோடு வந்துவிடும் என்று இணையத்தில் ஒருவர் செய்து காட்டினார். ஒரு ராத்திரி காத்திருந்தால் போதுமாம். அவர் ஊரில் கடல் இல்லை போலிருக்கிறது. இங்கே இரண்டு நாளாகியும் பசை பிசுபிசு என்றே இருந்தது. எனக்கா பொறுமை? மொட்டைமாடி வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். பசை காய்ந்தது, உரிந்தும் வந்தது. தட்டுதான் எண்ணெயில் போட்ட அப்பளமாக நெளிந்துவிட்டது.

கேட்டிருந்த ஒரு வாரம் மூன்று வாரம் ஆகிவிட்டது. அத்தை போன் செய்யவே இல்லை. அதுதான் என்னை அதிகமாக அரித்தது. ஒரு தடவை கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். அலுவலகத்தில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு தட்டு துடைக்கிற வீடியோ பார்த்தேன். ராமநாதபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிகளை ஒரு பெட்டித் தண்ணீரில் போட்டு அதிரவைத்துச் சுத்தம் செய்வார்கள். அங்கேயும் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் பெட்டியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். “அண்ணே, சாமான் மாறி வந்துட்டீகளா?” என்றார்.

அமாவாசைக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் யாரும் இல்லை. சந்தன மேட்டின் ஓரத்தை நகத்தால் லேசாகத் தட்டினேன். மீன் செதில்போல ஒரு சில்லு வந்தது. அடியில் கறுப்பாக, சுத்தமாக, வரிகள் தெரிந்தன. எனக்குக் கை பறந்தது. நகம் போதவில்லை. சட்டைக்குக் குத்துகிற ஊக்கு ஒன்றை எடுத்து நெம்பினேன். இரண்டு சில்லு வந்தது. மூன்றாவதற்கு ஊக்கு வழுக்கியது.

மயிரிழை அகலம், இரண்டு விரல் நீளம். வரிகளுக்குக் குறுக்கே ஒரு கீறல்.

எழுந்து போய்க் கையைக் கழுவினேன், எதற்கென்று தெரியாது. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். ஒரு மனுஷி மார்பளவு கடலில் பத்திரமாகக் கொண்டுவந்ததை, மின்விசிறிக்குக் கீழே சொகுசாக உட்கார்ந்து நான் கெடுத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

என் மனைவி தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வேலை முடிந்து வந்ததும் சொல்லிவிட்டேன். தட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“அறிவிருக்கா உங்களுக்கு? புண்ணுல ஒட்டிக் காஞ்ச கட்ட இப்பிடித்தான் பிச்சு எடுப்பாகளா? நனைச்சு நனைச்சு, அதுவா விடுற வரைக்கும் காத்திருக்கணும்.”

“அப்ப ஆஸ்பத்திரியில இருந்து ஒரு சலைன் பாட்டில் கொண்டு வாயேன்.”

“அதுவும் உப்புத்தான். போயி பேட்டரிக்கு ஊத்துற தண்ணி வாங்கிட்டு வாங்க. தட்ட இனிமே நீங்க தொடக் கூடாது.”

மறுநாளிலிருந்து வேலை அவளுடையது. எனக்குப் பார்க்க மட்டும் அனுமதி. பேட்டரித் தண்ணீரில் நனைத்த, புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியைச் சந்தனத்தின்மேல் வைப்பாள். அரை மணி நேரம் கழித்து எடுத்து, புதிதாக ஒன்று வைப்பாள். தேய்ப்பதே இல்லை. துணி ஒவ்வொன்றாக மஞ்சளாகி வரும். நான் இருபதாவது நிமிடத்திலேயே எட்டிப் பார்ப்பேன். “தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்” என்பாள். நான்கு சாயங்காலங்கள் இப்படிப் போயின. சந்தனம் மொத்தமாகக் கரைந்த பிறகு, பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவத்தில் ஒரே ஒரு சொட்டை அதே தண்ணீரில் கலந்து, குழந்தைகளுக்குத் தலை வாருகிற மெத்தென்ற பிரஷ்ஷால் வரிகள் ஓடுகிற வாக்கிலேயே வட்டமாக வருடினாள். பிறகு வெறும் பேட்டரித் தண்ணீரில் இரண்டு அலசல். மணல் புகாமல் ஜன்னலைச் சாத்திவிட்டு, சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற ஸ்டாண்டில் நிறுத்திக் காயவைத்தாள். நான் மூன்று வாரம் குதித்தும் வராதது, அவள் சும்மா காத்திருந்ததில் வந்துவிட்டது. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

சந்தனம் கரைந்த தண்ணீரை என்னிடம் கொடுத்து, “சாக்கடையில ஊத்திராதீங்க. கால் படாத எடமாப் பாத்து ஊத்துங்க” என்றாள். வேப்பமரத்து மூட்டில் ஊற்றினேன்.

ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று கெஞ்சினேன். “அம்மா கேக்குறதுக்கு முன்னால நீங்க கேக்கக் கூடாது” என்று சொல்லி, தட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

இந்த வருடப் படையலை எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். அமாவாசையன்று ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு, கூட்டத்தில் நசுங்கி, ஈரத் தலையோடு அத்தை வந்து சேர்ந்தார். அவர் உட்காருவதற்குள் சொல்லிவிட்டேன். “அத்தை, ஒரு கீறல் விழுந்துருச்சு. என் தப்புத்தான்.”

தட்டை வாங்கிக் கீறலை விரலால் தடவிப் பார்த்தார். “சரி தம்பி. போடுங்கோ” என்றார். அவருக்கும் அன்றைக்குப் பொறுமை இல்லை.

முள்ளை இறக்கினேன். கடுகு தாளிப்பதுபோலக் கொஞ்ச நேரம் பொரிந்தது. பிறகு இசை. பிறகு ஓர் ஆண் குரல். கனத்த, நிதானமான குரல். ஐம்பது வயது மனிதர் யோசித்து யோசித்துப் பாடுவதுபோல இருந்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

“அண்ணா... ஓம், அண்ணாதான்.”

கண்களை மூடிக்கொண்டார். கண்ணீர் ஈரத் தலையிலிருந்து வழிந்த தண்ணீரோடு சேர்ந்து இறங்கியது. என் மனைவியும் அழுதாள்.

இரண்டாவது வரி வரும்போது எனக்குப் புரிந்துவிட்டது. தந்தி இசை இழுத்து இழுத்து வந்தது. நான் எப்போதும் போடுவது பெரிய தட்டுகள். அவை மெதுவாகச் சுற்ற வேண்டியவை. இந்த மாதிரிச் சின்னத் தட்டு வேகமாகச் சுற்ற வேண்டும். வேகத்தை எழுதியிருந்த காகிதம் கடலோடு போய்விட்டது. எனக்கும் அந்தப் பரபரப்பில் தோன்றவில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தது அண்ணனின் குரலே இல்லை.

அப்படியே விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அத்தைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது; என் சொல்லையும் காப்பாற்றியாகிவிட்டது. கையைத் தொடையில் அழுத்தி வைத்துக்கொண்டேன். ஆனால் குரல் மறந்துபோனது என்று சொல்லித்தான் தட்டையே கொடுத்தார். இனி இதைத்தானே சாகும்வரை நினைவில் வைத்திருப்பார்?

“அத்தை, வேகம் தப்பு. இது அவரு குரல் இல்ல.”

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கோபமா என்று தெரியவில்லை. “அப்ப சரியானதைப் போடுங்கோ.”

விசையைத் தள்ளிவிட்டு, முதலிலிருந்து வைத்தேன்.

மெல்லிய குரல் ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது. மீசை அரும்புகிற வயதுக் குரல். வரி முடிகிற இடங்களில் மூச்சுப் போதவில்லை. ஓரிடத்தில் அவசரப்பட்டு வாத்தியங்களுக்கு முன்னாலேயே ஓடிவிட்டான். என் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ‘டக்’ என்றது. ஒரு சொல்லையே விழுங்கிவிட்டது. அத்தையின் அழுகை நின்றிருந்தது. பாட்டு முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“அப்ப அவருக்கு என்ன வயசு அத்தை?”

“பத்தொன்பது.” சுற்றிக்கொண்டிருந்த தட்டையே பார்த்தார். பிறகு சொன்னார். “எனக்கு அண்ணா எண்டா பெரிய ஆள். இவளுக்குக் கலியாணம் முடிச்சுத் தா, என்ர வருத்தத்தை மாத்து, ஊருக்குப் போக வழி காட்டு எண்டு வருசா வருசம் முன்னால இருந்து கேட்டனான். இந்தப் பொடியனிட்டயோ இவ்வளவத்தையும் கேட்டனான்?”

தட்டை எடுத்துச் சுவரில் சாய்த்தார். சந்தனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டார். வரிகள் இல்லாத நடுப்பகுதியைக் காட்டினேன். இலையில் எல்லாம் பரிமாறிய பிறகு, வழக்கமாக வெகுநேரம் முணுமுணுத்துக் கும்பிடுகிறவர், கண்ணை மூடிய வேகத்தில் எழுந்துவிட்டார்.

“என்ன கேட்டீங்க அத்தை?” என்றேன். கேட்டிருக்கக் கூடாது. என் வாயும் என் கையைப் போலத்தான்.

“இந்த முறை ஒண்டும் கேக்கேல்ல தம்பி. ‘வடிவாச் சாப்பிடு ராசா’ எண்டு மட்டும் சொன்னனான்.”