கொடிக்கு அவசரம், கையெழுத்துக்கு இல்லை

தையல்காரிக்குக் கண் கெடும் முன்னே காது கெட்டுப்போகும். மிஷின் சத்தத்தால் அல்ல, கடை வாசலில் பெஞ்சு போட்ட பாவத்தால். மிஷின் மிதிக்கும் சகோதரிகளே, உங்கள் வாசலிலும் ஒரு பெஞ்சு இருக்கும். உலகத்தைத் திருத்த அதில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் சொல்லியா தெரிய வேண்டும்?

என் பெஞ்சுக்குத் தலைவர் நைனார்பாளையத்தில் கரும்பு போட்டிருந்த கோவிந்தண்ணன். இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருசம். எங்கள் பக்கத்தில் முன்னால் நின்றவர் அவர்தான். அவர் மகள் செல்வி என்னிடம் கூலிக்கு ஜாக்கெட் கொக்கி வைக்க வருவாள். பன்னிரண்டாவது பாஸ். விழுப்புரத்தில் டீச்சர் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. சேருகிற ஃபாரத்தில் அப்பா கையெழுத்து வேண்டும், அதுவும் மாசக் கடைசிக்குள். வீட்டில் வைத்தால் கிழித்துவிடுவாரோ என்று பயந்து, அதை என் மிஷின் டிராயரில் வைத்திருந்தாள்.

அளவு ஜாக்கெட்

எங்கள் ஊரில் பெண்கள் அளவு கொடுக்க வருவது அபூர்வம். பழைய ஜாக்கெட் ஒன்று புருசன் கையில் மஞ்சப்பையில் வரும். அன்றைக்கு கோவிந்தண்ணன் பெஞ்சில் அரைமணி நேரம், "தனிமனுசன் சுதந்திரந்தான் பெருசு. அரசாங்கம் நம்ம வூட்டுக்குள்ள மூக்க நொழைக்கக் கூடாது" என்று முழங்கிவிட்டு, பெண்சாதியின் ஜாக்கெட்டோடு உள்ளே வந்தார். கழுத்து ஏற வேண்டும், கை முழங்கை வரை வேண்டும், முதுகு தெரியக் கூடாது என்று வரிசையாகச் சொன்னார்.

"அக்காவுக்கு இதுதான் புடிக்குமாங்கண்ணே?" என்றேன்.

"அவளுக்கு இன்னா புடிக்கும்னு அவளுக்கே தெரியாதும்மா. எனக்குத்தான் தெரியும்."

ரஷ்யா

பக்கத்தில் நூல் கடை வைத்திருந்த ரஹீம் பாய்க்கும் அவருக்கும் எந்த நாட்டு ஆட்சி நல்லது என்று தினம் சண்டை. ஒருநாள் ரஷ்யாவில் வாயைத் திறக்க முடியாது என்று கோவிந்தண்ணன் கத்திய கத்தில், தூளியில் என் பிள்ளை துள்ளியது. மெதுவாகப் பேசுங்கள் என்றேன். "இது ஜனநாயக நாடும்மா, பேச உரிமை இருக்குது" என்றார். பிள்ளையும் உடனே தன் உரிமையை எடுத்துக்கொண்டு வீறிட்டது. தெருவே திரும்பிப் பார்த்தது.

பாய் எழுந்து தூளியை ஆட்டினார். "வுடு தங்கச்சி. இந்தப் பெஞ்சுக்கு இவன் ஒருத்தன்தான் எதிர்க்கட்சி."

ரோட்டில் மரம்

போராட்டக்காரர்கள் கேட்டது நியாயம்தான். நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சின்னசேலம் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குத்தான் ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் கோவிந்தண்ணன். பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன்.

"எறங்கி நடந்து போயேம்மா. உன் கால நாங்க கட்டியா வச்சிக்கினு இருக்கோம்?"

நடந்தேன். மறுநாள் செல்வியிடம் சொல்லித் தீர்த்தேன். அவள் கொக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "உனக்கு ஒருநாளுதானேக்கா மரம் போட்டாரு."

ஐம்பது கொடி

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. ஊர்வலத்துக்குத் தைத்த ஐம்பது கொடியை எடுத்துப்போக டிராக்டரில் பத்துப் பேரோடு வந்தார். கொடிக் கட்டின் மேல் ஃபாரத்தை வைத்தேன். பேனாவையும் வைத்தேன்.

"இன்னாம்மா இது?"

"இந்தக் கொடியெல்லாம் எதுக்குங்கண்ணே?"

"நம்ம புள்ளைங்க படிச்சி வேலைக்குப் போவத்தான்."

"இதுவும் அதுக்குத்தாங்கண்ணே. உங்க புள்ள."

வந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். "பொட்டப்புள்ள... ஹாஸ்டலு..." என்று இழுத்தார் கோவிந்தண்ணன். "கோவிந்தா, சர்க்காரு குடுக்கலன்னா மறியல் பண்ற. குடுத்தா நீ மறிக்கிற" என்றார் வாசலில் நின்ற பாய். டிராக்டர்மேல் இருந்தவன் சிரித்துவிட்டான். மூலையில் கொக்கி வைத்துக்கொண்டிருந்த செல்வி துணியைக் குத்துவதற்குப் பதில் தன் விரலைக் குத்திக்கொண்டாள்.

போட்டார். காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டார். கொடிக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினார்.

"யாரும் சொல்லி நான் போடல. சுதந்திரமா, நானாத்தான் போட்டேன். தெரிஞ்சிக்கோ."

எந்த ஆட்சி வந்தால் மனுசனுக்குச் சுதந்திரம் கிடைக்கும் என்று இந்தத் தையல்காரிக்குத் தெரியாது, ஆனால் பத்துப் பேர் பார்க்க நிற்கவைத்தால் சில அப்பன்மார் கொஞ்சம் கொடுக்கிறார்கள்.