மாமி சொன்ன சாட்சியம்

என் கல்யாணம் பொய்க் கல்யாணம் என்று கனடாவில் ஒரு மேன்முறையீட்டுச் சபை தீர்ப்பளித்தபோது, நான் மன்னாரில் மாமியின் வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

கோயிலில் தாலி கட்டிய கையோடு கணவர் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். எனக்கு விசா மறுத்தார்கள். அவர் மேன்முறையீடு செய்தார். சபை அவரை அங்கேயும், என்னையும் மாமியையும் தனித்தனியாகத் தொலைபேசியிலும் விசாரித்தது. கணவருக்குப் பிடித்த சாப்பாடு என்னவென்று கேட்டார்கள். “நண்டுக்கறி” என்றேன். அவர் “பீட்சா” என்றாராம். அந்த மனிதர் உண்மை பேசத் தேர்ந்தெடுத்த நாளைப் பாருங்கள்.

மருமகள் எப்படி என்று மாமியிடம் கேட்டார்கள். அடுத்த அறையில் இருந்த எனக்கும் பதில் கேட்டது. மாமிக்குத் தொலைபேசியே தேவையில்லை.

“என்னத்தைச் சொல்ல? விடிய எழும்பமாட்டாள். குழம்பிலை புளி கூடிப்போகும். என்ரை மகன் போன் எடுத்தால் அடுப்பிலை சோறு கருகுறதும் தெரியாது. அப்பிடிக் கதை!”

நண்டும் பீட்சாவும் பொருந்தவில்லை, கல்யாணப் படத்தில் மணமகள் சிரிக்கவில்லை என்றது தீர்ப்பு. மன்னார் மத்தியான வெயிலில் கூறைச்சேலையோடு நின்றவளிடம் சிரிப்பை எதிர்பார்த்திருக்கிறார்கள். மாமி சொன்னதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விசா கிடைக்காததைவிட மாமிக்கு அதுதான் தாங்கவில்லை.

“தொண்டை கிழியக் கத்தினனான். ஒண்டையும் எழுதேல்லையோ?”

கணவர் தீர்ப்பை எதிர்த்து அங்கே நீதிமன்றத்துக்குப் போனார். அவருடைய சட்டத்தரணியும் அதையேதான் கேட்டார். கல்யாணம் உண்மையா என்று நீதிமன்றத்தில் ஆராய்வதில்லை. சபை சாட்சியங்களை ஒழுங்காகப் பார்த்ததா என்று மட்டுமே பார்ப்பார்களாம். மணமகளோடு ஒரே வீட்டில் வாழ்பவரின் சாட்சியத்தை ஏற்காவிட்டால் காரணம் சொல்ல வேண்டும், காதில் விழாதது போல இருக்க முடியாது என்றார் நீதிபதி. வேறொருவர் புதிதாக விசாரிக்கட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார். எனக்கு அழுகை வந்தது.

“அவர் படிச்ச மனிசன்” என்றார் மாமி.

“மாமி, இந்த முறையும் அதையே சொல்லுங்கோ.”

“புதுசாவும் கிடக்கு, பிள்ளை.”

மறு விசாரணையில் மாமி சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் புதிய அதிகாரி, இப்படிப்பட்ட மருமகளை மகனிடம் அனுப்ப விருப்பமா என்று கேட்டார். மாமியின் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது; கதவில் காதை வைத்துத்தான் கேட்டேன்.

“அவள் போனால் நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?” என்றார். “எண்டாலும் அவன் அங்கை தனிய. அனுப்பிவிடுங்கோ.”

இந்த முறை வென்றோம். நான் புறப்பட்ட அன்று மாமி பஸ் நிலையம் வரை வந்தார். வழியை மறித்த கழுதையை ஏசினார், பிந்தி வந்த பஸ்ஸை ஏசினார். என் கையை மட்டும் விடவில்லை.